உம்மென்று ஒரு முகம்

அறக்கட்டளையின் கருவி பிரிசில்லாவின் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இவர் சம்பளம் இல்லாமலும் இதைச் செய்வார். நன்கொடைப் பணத்தை இவருக்குக் கொடுப்பது வீண்."

கல்லூரி ரத்ததானக் குழுவை அறக்கட்டளையின் சம்பளத்தில் நடத்தி வந்தவள், அது நின்றதும், வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று மாலை நேரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். குழுவைத் தம்பி டெரன்ஸிடம் ஒப்படைத்தது கருவி. அவனுக்கும் அதே கல்லூரிதான். காசு கொடுக்காவிட்டால் பயல் கட்டிலை விட்டு அசைய மாட்டான் என்பதை அது சரியாகவே கண்டுபிடித்திருந்தது.

அவனும் முனகிக்கொண்டேதான் ஆள் திரட்டினான். ஒருநாள் சீட்டியடித்தபடி வீட்டுக்கு வந்தான்.

"எக்கா, நம்ம குழு குடுத்த ரத்தத்துல ஒரு அம்மாவும் பிள்ளையும் பொழச்சிட்டாவ. பிள்ளைக்கு என் பேர வச்சிருக்காவ!"

பிரிசில்லா அவன் வாயைப் பொத்தினாள். "ஏல, நாளைக்குக் கருவி ஒன்னய மறுபடி பாக்கும். சிரிக்காதல! மூஞ்ச உம்முனு வச்சிக்க."

கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். அவனைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கருவிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. "வீண்" என்றது.

அடுத்த வாரம் ஜவுளிக்கடையில் அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாடிக்கையாளர் ஒருவருக்குச் சேலை விரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அந்தப் பக்கம் திரும்பியதும் டெரன்ஸ் குரலைத் தாழ்த்தினான்.

"இந்தப் பச்சை ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்மா. ஒங்க ரத்தம் என்ன குரூப்பு?"