கிடைக்காத ஃபியூஸ்

எட்சன் பைக்கை நிறுத்தியதும் ரோஷன் ஓடி வந்தான்.

"ஃபியூஸ் கெடச்சுதாண்ணா?"

"ஓசூர் முழுக்க அலைஞ்சுட்டேன்டா. வால்வு ஆம்ப்புக்குப் போடற ஃபியூஸ் எந்தக் கடையிலயும் இல்ல. பெங்களூருதான் போவணும்."

ரோஷனின் முகம் வாடியது. எட்சனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

பல வருஷமாகச் சர்ச்சில் கிட்டார் என்றால் எட்சன்தான். போன வருஷம் தளியிலிருந்து இந்த ரோஷன் வந்து சேர்ந்தான். கம்பெனி போனஸில், கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வால்வு ஆம்ப் வாங்கினான். அதன் சத்தத்தைக் கேட்ட பிறகு எட்சனை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்றைய ஆண்டு விழாவிலும் ரோஷன்தான் தனியாக வாசிக்கப் போகிறான் என்று சபையே பேசிக்கொண்டது. மதியம் ஒத்திகையில் ஃபியூஸ் போனதும், "நான் வாங்கிட்டு வரேன்" என்று முந்திக்கொண்டு கிளம்பியவன் எட்சன்.

"விடுறா, அடுத்த வருஷம் வாசிச்சுக்கலாம்."

"எனக்காகக் கேக்கலண்ணா. இன்னிக்கு வாசிக்கப் போறது நீங்க. பாஸ்டர்கிட்ட நான்தான் கேட்டேன். இந்த ஆம்ப்ல உங்க கை பேசணும்னு எனக்கு ரொம்ப ஆசை. கடைசி நேரத்துல சொல்லலாம்னு மறைச்சு வெச்சிருந்தோம்."

எட்சன் மெல்ல பைக்கிலிருந்து இறங்கினான்.

"பரவால்ல, சாதா கிட்டார்லயே வாசிங்க. எனக்காக இந்த வெயில்ல அலைஞ்சீங்களே, அது போதும்ணா."

மேடையில் எட்சனின் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் கடையிலேயே வாங்கிய ஃபியூஸைப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஊமை ஆம்ப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான்.