நாற்பத்தோரு சாவிகள்

குவாரி ஆஸ்பத்திரியின் பழைய மென்பொருளை மத்தியானம் அழிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு நோயாளியின் கோப்புக்கும் அதைத் திறக்க, கடவுச்சொல் மாதிரி ஒரு ரகசியச் சாவி உண்டு. புதிய மென்பொருளுக்கு வந்துசேராத சாவியின் கோப்பை அப்புறம் எந்தக் கோர்ட்டாலும் திறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேச்சிக்கனி சாவிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

“நெஞ்சுல கல்தூசி அடைச்சுச் செத்த நாப்பத்தோரு பேரை மட்டும் விட்ரும்மா,” என்றார் மேலாளர் கிளமெண்ட். “கேட்டா மெஷின் மேல பழியப் போட்ரலாம்.”

அந்த நாற்பத்தோரு பேரில் அவள் அப்பாவும் ஒருவர்.

“அந்தக் குவாரியில கல்லு சொமந்தவ சார் நான். எதையும் பாதி வழியில போட்டுட்டு வரமாட்டேன்.”

“வேலை போயிரும்.”

“ஒம்ம வேலைய நீரே வச்சுக்கிடும்.”

அதற்குள் அந்த நாற்பத்தொன்றில் இருபத்தெட்டை அவள் மாற்றிவிட்டிருந்தாள். அவர் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தார். அவள் நாற்காலியை அவருக்குக் குறுக்கே உதைத்துத் தள்ளிவிட்டு, நின்றபடியே இருபத்தொன்பதாவது சாவியை மாற்றினாள்.