பத்து எண்ணுவதற்குள்

"ஒண்ணு," என்றார் மாஸ்டர், இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்துக்கொண்டு. "கையில இருக்கிறதை விட்டுடு தம்பி. ஓடிடலாம்னு மட்டும் நினைக்காதே."

அவன் எங்கே ஓடுவது? இடது கால் ஊன்றிய இடத்திலேயே ஊன்றியிருக்க வேண்டும். ஒரு விரற்கடை நகர்த்தினாலும் தப்பு.

கையில் இருந்தது வெள்ளை ஃபிரிஸ்பி தட்டு. ஆணும் பெண்ணும் கலந்து பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று நின்றது. தட்டைப் பிடித்தவன் நின்ற இடத்திலிருந்தே, எதிராளி பத்து எண்ணி முடிப்பதற்குள் வீசிவிட வேண்டும். அம்பயர் கிடையாது. அவரவர் வாயால் சொல்வதுதான் தீர்ப்பு.

எண்ணுகிறவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தாயில்லாத ஒரே பெண்ணைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர். அந்தப் பெண் இவன் அணிதான், தூரத்தில் கோல் எல்லைக்குள் நின்று, "இங்க போடு, இங்க போடு!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

காலையில் ஷூ கட்டும்போதே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு ஆட்டம் முடியறதுக்குள்ள அப்பாகிட்ட நம்ம விஷயத்தைப் பேசணும். இல்லேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து என்னைத் தேடாதே."

இரண்டு வருடக் காதல். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் வெட்டுகிற அவனுக்கு, மாஸ்டரைக் கண்டால் மட்டும் கண்ணை இருட்டிக்கொண்டு வரும்.

"ரெண்டு. வீட்டுல யார் யாரு?"

அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது! "அம்மாவும் நானும்தான் சார். அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு."

அம்மா கோட்டுக்கு வெளியே, மர நிழலில் வெயில் தொப்பியும் தண்ணீர்க் கேனுமாக உட்கார்ந்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். 'கிழிசல் தைக்கப்படாது' என்று பலகையே மாட்டியிருக்கிறாள். அதில் வீட்டு ஆட்களுக்கு மட்டும் விலக்கு. இவன் பனியன் தோளில் ஓடிய பச்சை நூல் தையல் அவள் கைவரிசைதான்.

"மூணு. அம்மா தனியா கஷ்டப்பட்டிருப்பாங்க இல்ல?"

"ஆமா சார்." தட்டை வலப்பக்கம் நீட்டினான். மாஸ்டர் கையும் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் குனிந்தான். அங்கேயும் அவர்தான்.

மாஸ்டருக்கு இது பழகிய வேலை. பெல்ட் மாட்டி உட்காரவைத்த ஆளிடம் கேள்வி கேட்டே காலம் தள்ளுகிறவர்.

"நாலு. அவங்களை நல்லா வெச்சுக்குவியா?"

"உயிரா வெச்சுக்குவேன் சார்."

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் குனிந்துகொண்டான். மாஸ்டரின் டிராக் பேண்ட் முட்டியில் பச்சை நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. அதையெல்லாம் ரசிக்கிற நிலையிலா இருந்தான்?

"வீசுடா! தூங்கறியா?" என்று அவன் அணி கத்தியது.

"அஞ்சு. ஒரு கல்யாணம்னா வயசு, வசதி எல்லாம் பார்ப்பியா?"

"மனசுதான் சார் முக்கியம்." எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வார்த்தை தானாக வந்தது.

"ஆறு. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே?"

"பேசட்டும் சார். சம்பந்தப்பட்ட ரெண்டு பேருக்குப் பிடிச்சிருந்தா போதாதா?"

"ஏழு. பெத்த பொண்ணு சம்மதம், பெத்த பையன் சம்மதம்னு எல்லாத்தையும் பார்க்கணும் இல்ல?"

"பையனுக்கு முழுச் சம்மதம் சார்!" என்று பளிச்சென்று சொன்னான். பெண்ணுக்கும் சம்மதம் என்பதை நாக்கு நுனியில் பிடித்து நிறுத்தினான். அவசரப்பட்டு காரியத்தைக் கெடுக்கக் கூடாது.

"எட்டு. பின்னாடி பேச்சு மாற மாட்டியே?"

"இங்க அம்பயர் கிடையாது சார். சொன்னா சொன்னதுதான்."

"ஒன்பது," என்ற மாஸ்டர் அதற்கு மேல் எண்ணவில்லை. விரித்த கைகள் கீழே இறங்கின. அந்தக் கறார் மனுஷனின் கண் கலங்கியிருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று இவன் நெஞ்சு பூரித்தது. 'மாமா' என்று கூப்பிடலாமா என்றுகூட யோசித்தான்.

"நீ தங்கமான பையன்," என்றார் மாஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூணு மாசமா உன்கிட்ட சொல்ல உங்க அம்மாவுக்குத்தான் ஒரே பயம். கடைசிக் காலத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருக்கலாம்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். என் பொண்ணுகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்."

இவன் மர நிழலைப் பார்த்தான். அம்மா வெட்கத்தோடு தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இப்போது கால் நகரலாம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் அது நகர்ந்திருக்காது.

மாஸ்டர் பெருந்தன்மையாக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"போடு தம்பி. தங்கச்சி எவ்வளவு நேரம் கையை நீட்டிட்டு நிப்பா?"