ஆறாம் நம்பர் அட்டை

வெல்டாவின் இலக்கு அட்டை ஒரு பொத்தல்கூட இல்லாமல் வெள்ளையாகத் திரும்பி வந்தது. பக்கத்து மேஜையில் சுட்ட அவள் கணவன் ஹார்லனின் அட்டையிலோ பத்துக் குண்டுகளும் பாய்ந்திருந்தன. ஆளுக்கு ஐந்து குண்டுதான் கணக்கு.

யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஹார்லனின் ஆறாம் நம்பர் அட்டையைச் சுட்டிருக்கிறாள். நூறு கஜத்துக்கு அப்பால் அட்டைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்புதான் இது. ஆனால் அதைப் போயும் போயும் இன்றைக்கா செய்ய வேண்டும்?

அந்த ஓஹாயோ கிளப்பில் ஹார்லன் பத்தொன்பது வருடமாகச் சுடுகிறான். மணல் மூட்டைகள் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, ஐந்து குண்டுகளையும் முடிந்தவரை ஒரே இடத்தில் செலுத்த வேண்டும், அவ்வளவுதான் போட்டி. வருடக் கோப்பை மூன்று முறை அவன் கைக்கு எட்டாமல் நழுவிப் போயிருக்கிறது.

இந்த வருடம் மே மாதம் வரை அவனை நெருங்க ஆளில்லை. அப்புறம் என்ன ஆயிற்றோ, இரண்டு போட்டிகளில் சறுக்கினான். ஜூலையில் திடீரென்று தன் இரண்டாவது துப்பாக்கியை வெல்டாவின் கையில் கொடுத்து, நீயும் சுடப் பழகு என்று பிடிவாதமாகக் கிளப்புக்கு அழைத்து வந்தான். பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தே ஆட்டம் கெட்டுப்போகிறது என்று நண்பர்கள் அவனைச் சீண்டினார்கள். இன்று கடைசிச் சுற்று. இதில் ஜெயித்தால் கோப்பை.

சுடும்போதே வெல்டாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. அட்டைகள் வரை வழிநெடுக நட்டிருந்த, காற்றின் திசை காட்டும் கொடிகள் நிமிடத்துக்கு ஒரு பக்கம் திரும்பின. பக்கத்து மேஜையிலிருந்து ஹார்லன் வேறு, கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று மெல்லிய குரலில் மூன்று தடவை கேட்டான். போட்டி நடுவிலும் பாடம் நடத்துகிறானே, தன்னால் அவன் கவனமும் கெடுகிறதே என்று அவளுக்கு வேதனையாக இருந்தது.

ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு தொலைநோக்கியில் பார்த்தாள். ஒரு தடவை மேலே ஒரு புது ஓட்டை, அடுத்த தடவை இடது ஓரத்தில் ஒன்று. மூச்சை அடக்கினாள், விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் விசையை அழுத்தினாள், கற்ற எல்லாவற்றையும் செய்தாள். ஓட்டைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

இப்போது நடுவர் மெர்ல் அந்த அட்டையை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஐந்து ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மற்ற ஐந்து குண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒற்றை ஓட்டையாகியிருந்தன.

மெர்ல் நிமிர்ந்து விதியைச் சொன்னார். மாற்றிச் சுட்டதால் வெல்டாவின் சுற்று செல்லாது. சிதறியதை விட்டுவிட்டு ஹார்லனின் ஐந்தை மட்டும் அளந்தால் போதும். அப்படி அளந்தால், இந்தக் கிளப்பில் இதுவரை யாரும் இவ்வளவு நெருக்கமாகச் சுட்டதில்லை.

"என்னய்யா ஹார்லன், வீட்டுக்காரம்மா உன் அட்டையைச் சல்லடையாக்கியும் தப்பிச்சுட்டியே" என்று ஒருவர் அவன் முதுகில் தட்டினார். இன்னொருவர் கோப்பையை எடுத்துவரப் போனார்.

ஹார்லன் சிரிக்கவில்லை. யார் கையையும் பிடித்துக் குலுக்கவுமில்லை. மணல் மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோபம்தான் என்று வெல்டாவுக்குப் பட்டது. இத்தனை வருடம் காத்திருந்த நாளில் அவனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள். கூட்டத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், குண்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"நான் வரலைன்னுதான் சொன்னேன், ஹார்லன்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கு இது வராது. இனிமே என்னைக் கூப்பிடாதே."

அவன் மெர்லிடம் கை நீட்டி அட்டையை வாங்கினான். அதன்மேல் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனான். அந்த ஒற்றை ஓட்டைக்கு வந்ததும் விரல் நின்றது. அதன் விளிம்பை இரண்டு மூன்று தடவை சுற்றிப் பார்த்தது.

மெர்ல் பலகையில் அவன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார். யாரோ கை தட்டத் தொடங்கினார்கள்.

ஹார்லன் மெர்லின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வெல்டாவின் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

"எழுதாதே மெர்ல், இது அவ சுட்டது. சிதறிக் கிடக்கிறதுதான் என்னோடது. ஜூன் மாசத்துலேருந்தே எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."