பெற்றோர் கையொப்பம்

மகளின் கட்டுரை நோட்டைத் திருப்பி எழுத்தாளர் பக்கமாக நகர்த்தினார் தமிழ் மிஸ். நடுப்பக்கத்தில் ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

எழுத்தாளர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மாட்டியிருக்கத் தேவையில்லை. அந்த வரி அவருக்கு மனப்பாடம்.

‘அம்மா ஊருக்குப் போன நாட்களில் எங்கள் வீட்டுக் கடிகாரம் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கும்.’

அவருக்கு மட்டுமா? அவருடைய இரண்டாவது புத்தகத்தில் முதல் கதையின் முதல் வரி அது. விமர்சனம் எழுதிய அத்தனை பேரும் மீதி இருநூறு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைத்தான் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். விருது கொடுத்த மேடையில் பின்னால் தொங்கவிட்ட துணியிலும் அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

“உங்க புத்தகத்த நாலு தடவ படிச்சிருக்கேன் சார். வேற யாரோட வரியா இருந்தாலும் எனக்குப் பிடிபட்டிருக்காது” என்றார் மிஸ். கண்டுபிடித்த பெருமையும், அதை அவளைப் பெற்றவரிடமே சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சங்கடமும் அவர் முகத்தில் மாறி மாறி வந்தன.

ஆண்டு மலருக்கான போட்டியில் அந்தக் கட்டுரைக்குத்தான் முதல் பரிசு. தலைப்பு, ‘என் வீடு’. மலரின் முதல் பக்கத்தில் வருவதாக இருந்தது. ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை எழுத்தாளர் உள்ளே வரும்போதே பார்த்துவிட்டார். மகளின் பெயர்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் ‘காப்பி’ என்று எழுதியிருந்தது. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

மகள் பீரோ ஓரமாக நின்றிருந்தாள். ஏழாம் வகுப்பு. புத்தகப் பையைத் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வீட்டில் அவர் புத்தகங்களைத் தொடாத ஒரே ஆள் அவள்தான். பெரியவங்க கதை, ஒரே போர் என்பாள்.

“நேத்துலேர்ந்து கேக்கறேன், வாயே திறக்கல. எங்கப்பா வரட்டும் மிஸ்னு மட்டும் சொன்னா.”

எழுத்தாளருக்குக் காது மடல் சுட்டது. வெட்கத்தைப் பற்றி எத்தனையோ கதைகளில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். எழுதியதெல்லாம் சும்மா என்று இப்போது தெரிந்தது.

போன வருடம் இதே பள்ளியில், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்தவர் வரியை எடுத்தால் அடுத்தவர் பெயரைச் சொல்லவேண்டும், எழுத்தில் முதல் ஒழுக்கமே அதுதான் என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கடிகார வரி எப்படித் தோன்றியது என்று ஒரு மாணவி கேட்டாள். விடிகாலையில் நடந்துகொண்டிருந்தபோது தானாக வந்தது என்று வாய் கூசாமல் சொன்னார். அவர் விடிகாலையில் எழுந்ததே கிடையாது.

இப்போது மிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பார்க்கவில்லை. பையின் வாரைத் திருகியபடி காத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாக்கியம் போதும். எழுதிப் பிழைக்கிறவருக்கு ஒரு வாக்கியம் என்ன பெரிய காரியம்? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் மேஜையில் மிஸ்ஸின் கைக்கு அருகே தன் புத்தகத்தைக் கண்டார். ஓரம் நைந்து, பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகியிருந்தது. இப்படிப் படிக்கிற ஒரு ஆளையும் இழக்க அவருக்கு மனம் வரவில்லை. பயந்துவிட்டார்.

“வீட்டுல சொல்லிக்கறேன் மிஸ்” என்றார்.

மகள் நிமிர்ந்தாள். அவர் அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, ஸாரி மிஸ் என்றாள்.

சின்னப் பெண்தானே, அப்பா மாதிரி எழுதவேண்டும் என்ற ஆசையில் செய்துவிட்டாள், ரொம்பத் திட்டாதீர்கள் என்று மிஸ்ஸே சமாதானம் சொன்னார். அடியில் எழுதியிருந்த சிவப்புக் குறிப்புக்குக் கீழே பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று நோட்டை நீட்டினார். போட்டார். பிறகு மிஸ், தப்பா நினைக்கவேண்டாம் என்று தயங்கித் தயங்கிப் புத்தகத்தையும் நீட்டினார். அதிலும் ‘அன்புடன்’ என்று எழுதிப் போட்டார்.

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். கடைசிப் படியில் மகள் நின்று, பையைத் திறந்து, அட்டை பிய்ந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்தாள்.

நேற்று மாலை அவள் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, தும்மித் தும்மி எதையோ தேடிக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. என்ன தேடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. பத்திரிகைக்கு ஒன்றை முடித்து அனுப்பும் அவசரத்தில் இருந்தார்.

“இத நீயே வச்சுக்கோப்பா” என்று கையில் கொடுத்துவிட்டு மகள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாட நோட்டு. ஒரே ஒரு பக்கத்தில் மூலை மடித்திருந்தது. ‘என் வீடு’ என்று தலைப்பிட்டு, பென்சிலில் குண்டு குண்டாக ஐந்து வாக்கியங்கள். நாலாவதில், அம்மா ஊருக்குப் போன நாட்களில், கடிகாரம் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தது.

பக்கத்தின் அடியில் தேதி இருந்தது. அவருடைய புத்தகம் வருவதற்கு ஒரு வருடம் முந்திய தேதி. அதற்குப் பக்கத்தில், படித்துப் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக, சற்றுமுன் மேலே போட்டுவிட்டு வந்த அதே கையெழுத்து இருந்தது.