மூலையில் இருந்த குட்டிப்படம்

“அவளை அறுத்து எடுக்கலாம்னு உட்கார்ந்தா கத்தியைக் காணோம்! எங்கடா ஒளிச்சு வெச்சீங்க?” என்று கத்தினார் டச்சப்.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பதறவில்லை. கம்ப்யூட்டரில் புது வெர்ஷன் வந்த நாளிலிருந்து வீட்டில் இதே பாட்டுதான்.

போட்டோக்களைத் திருத்துவது அவர் தொழில். பருவை அழிப்பார், வழுக்கையில் முடி நடுவார், வேண்டாத ஆளை இருந்த இடம் தெரியாமல் எடுப்பார். அதனால் தொழில் வட்டாரத்தில் ‘டச்சப்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வேலை பார்த்த ஸ்டூடியோவை மூடிய பிறகு, ஓர் ஆன்லைன் கம்பெனி வேலை அனுப்புகிறது. படம் யாருடையது என்று இவருக்குத் தெரியாது. திருத்துகிறவர் யார் என்று படத்துக்காரர்களுக்கும் தெரியாது.

எது எங்கே இருக்கிறது என்று அவர் கைக்கே தெரிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. போன வாரம் யாரோ ஒரு மகானுபாவன் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிட்டான். ஆளை வெட்டி எடுக்கிற கத்தி ஏதோ மெனுவுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. மற்ற பட்டன்களெல்லாம் சோகை பிடித்த மாதிரி வெளிறிப்போய் நின்றன.

பழக்கதோஷத்தில், படத்தைச் சுருக்கிப் பார்க்கும் பட்டன் முன்பு இருந்த இடத்தில் ஒருநாள் தட்டினார். பாதி நாள் வேலையோடு ஃபைலே மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தப் பட்டன் பக்கமே அவர் விரல் போவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வயிற்றெரிச்சல், திரையின் மூலையில் இருந்த குட்டிப்படம். எவ்வளவு பெரிதாக்கி வேலை பார்த்தாலும் முழுப் படமும் அந்த மூலையில் தெரியும். திரை பளிச்சென்று இருக்க வேண்டுமாம், அதையும் தூக்கிவிட்டார்கள்.

புலம்பினால் மட்டும் ஆயிற்றா? புது வெர்ஷனில் செய்த இரண்டு வேலைகள் ‘சரியில்லை’ என்று திரும்பிவிட்டன. இன்னொன்று திரும்பினால் கம்பெனி கணக்கை மூடிவிடும். இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்?

இன்றைக்கு வந்த படத்தோடு ஒரு குறிப்பு இருந்தது. “குறியிட்ட இடத்தில் நிற்கும் பெண்ணை எடுத்துவிடவும். மூத்த பையனுக்கு நல்ல காரியம் பேசியிருக்கிறோம், அவசரம்.”

திறந்ததுமே புது வெர்ஷன் தன் இஷ்டத்துக்கு அந்தக் குறியில் போய் விழுந்து, தோள்பட்டைத் துணியை ஜமுக்காளம் அளவுக்கு விரித்துக் காட்டியது. படத்தைச் சுருக்கப் பயம். குட்டிப்படமும் இல்லை. சரி, நமக்கு வேண்டியது அவள் மட்டும்தானே என்று டச்சப் அப்படியே ஆரம்பித்தார்.

ஒரு வழியாகக் கத்தி அகப்பட்டது. கழுத்தோரமாக ஏறிக் கூந்தலுக்கு வந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. “இவ்வளவு முடியை வளர்க்கச் சொல்லி யாரு அழுதா?” என்று திட்டிக்கொண்டே இழை இழையாக எடுத்தார்.

முகம் சிரமம் வைக்கவில்லை. அவ்வளவு பெரிதாக்கினால் முகம் முகமாகவா தெரியும், வெறும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளிகளைத் துடைத்துவிட்டுப் பின்னாலிருந்த சுவரைக் கொண்டுவந்து ஒட்டினார்.

போன் அடித்தது. போன வருஷம் கட்டிக்கொடுத்த ஒரே மகள்.

“அப்பா, வேலையா இருக்கீங்களா?”

“ஆமாடா கண்ணு. புது வெர்ஷன்னு ஒண்ணு போட்டு உயிரை எடுக்கிறானுங்க. ராத்திரி பேசட்டுமா?”

“ஒரே ஒரு நிமிஷம்ப்பா…”

“இது திரும்பி வந்துச்சுன்னா அப்பா பொழப்பு போச்சு. ராத்திரிம்மா.” வைத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஆளின் தோளில் அந்தப் பெண்ணின் கை இருந்தது. அதுதான் தொல்லை பிடித்த இடம். விரல் விரலாக எடுத்து, அவன் சட்டையில் விட்டுப்போன கட்டங்களைக் கோடு பிசகாமல் போட்டு முடித்தார்.

அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். டிங் என்றது. படத்துக்காரர்களின் பதில்: “பிரமாதம். அங்கே ஒருத்தி இருந்தாள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.”

டச்சப் அதை இரண்டு தரம் படித்தார். நாற்காலியில் சாய்ந்து, எரிந்த கண்களின் மேல் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டார்.

வேலை ஏற்கப்பட்ட சந்தோஷத்தைப் புது வெர்ஷனும் கொண்டாடியது. வண்ணக் காகிதங்களைத் தூவி, முடிந்த படத்தை முதல்முறையாக முழுசாகத் திரை நிறையக் காட்டியது.

மனைவி டீயோடு வந்தாள். “என்னங்க, இதாவது தேறிச்சா?”

“தேறாம? எந்த வெர்ஷன் வந்தா என்ன, கை என் கைதானே!” துணியை எடுக்காமலே சிரித்தார்.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். “அட, இது நம்ம சம்பந்தி வீட்டுப் படமாச்சே! சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அவர் தம்பி, எல்லாரும் நிக்கிறாங்க…”

அவள் விரல் திரையில் ஒவ்வொரு முகமாகப் போய், மாப்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்த வெறும் சுவரில் நின்றது.

“நம்ம பொண்ணு எங்கங்க?”