பியூஸ் கட்டத் தெரியாத மனிசன்

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, முக்காலியில் ஏறி நின்று, பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

இது ஆம்பிளை செய்யவேண்டிய வேலை. செய்ய ஒரு ஆம்பிளை இந்த வீட்டில் இருக்கவேண்டுமே. இருப்பது அழகரத்தினம், என் புருஷன். அவர் மீன் விற்கப் போன நேரம் பார்த்துத்தான் ஏறினேன்.

இளந்தாரி வயதிலிருந்து வாவியில் வலை போடுகிற மனிதர். நண்டு கடித்துக் குதறிய வலையைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கிழிசல் தெரியாமல் பொத்துவார். ஆனால் ஒரு துண்டுக் கம்பியை இரண்டு திருகாணிக்கு நடுவில் முறுக்கத் தெரியாது.

டீவியைப் போட்டால் படம் வரும். செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் டப். டீவி போகும், ஃபேன் நிற்கும். இவர் போய்ப் பெட்டியைத் திறந்து எதையோ முறுக்குவார். லைட் வரும், ஃபேன் சுற்றும். டீவியைப் போட்டால் மறுபடியும் டப்.

திங்கட்கிழமை வரை ஒழுங்காக ஓடிய டீவி. செவ்வாயிலிருந்து இதே கூத்து.

பிளாஸ்மா டீவியாம். மகள் அஜந்தா குவைத்தில் வேலை செய்கிற வீட்டுக்காரன் புதிது வாங்கியதும் பழையதை அவள் தலையில் கட்டிவிட்டான். அவளும் பெருமையாகப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டாள். கதவு மாதிரி ஒரு சாமான். கண்டதையெல்லாம் ஏன் அனுப்புகிறாள் என்று கத்தியவளும் நான்தான்.

இப்போது எனக்கு அது வேண்டும். சண்டைக்குத் தப்பி வன்னியிலிருந்து வெளியே வருகிற சனத்தைச் செய்தியில் காட்டுகிறார்கள். அடுத்த வீட்டுச் சீதேவிப்பிள்ளை அப்படித்தான் தன் தம்பி மகனைக் கண்டாள். தண்ணீர்ப் போத்தலுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றானாம். பிறகு முகாமில் தேடிப் பிடித்துவிட்டார்கள்.

என் மகன் தனோஜனை இயக்கம் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோய் மூன்று வருஷம். எவ்வளவு கூட்டமானாலும் அவனை எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய டீவியில் தெரியாமல் போகுமா?

மண்ணில் வரிசையாகக் கிடத்தி வைத்திருப்பவர்களையும் காட்டுவார்கள், அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொள் என்றும் சீதேவிப்பிள்ளை சொல்லித் தந்தாள். பெரிய புத்திக்காரி.

காத்தான்குடியிலிருந்து றிப்ஷானைக் கூப்பிட்டேன். டீவி மெக்கானிக் என்று பேர். பின்மூடியைக் கழற்றி ஊதினான், தட்டினான், தலையைச் சொறிந்தான். கடைக்குக் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டான். அங்கே ஓடியதாம். திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் டப்.

"அக்கா, டீவியில ஒரு பிழையும் இல்ல. உங்கட ஊட்டுப் பக்கம்தான் என்னவோ," என்று சொல்லிவிட்டு நழுவினான்.

வீட்டின் லட்சணம் எனக்குத் தெரியாதா? இது சுனாமிக்குக் கிடைத்த வீடு. எந்த நாட்டுக்காரனோ வந்து நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனான். வீட்டுத் திறப்பைக் கையில் தந்த அன்றைக்கே கதவு சாத்த வரவில்லை. வயரை மட்டும் ஒழுங்காக இழுத்திருப்பார்களா? கடல் கொண்டுபோன என் ஓலை வீட்டுக் குப்பி விளக்கு ஒருநாளும் டப் என்று போனதில்லை.

புளியந்தீவுக்கு பஸ் ஏறிப் போய் நல்ல தடிப்பான பியூஸ் கம்பி வாங்கிவந்து இவர் கையில் கொடுத்தேன். அதைத்தான் போட்டிருக்கிறேன் என்றார். போட்ட அழகு!

செவ்வாயோடு இவருக்கு மூளையும் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். அன்றைக்கு உசனார் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனவர், மீன் கூடையை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தார். கூடையை மறக்கிற மீன்காரன் உலகத்தில் உண்டா? முற்றத்தில் உட்கார்ந்து வலை பொத்தத் தொடங்கினார். கிட்டப் போய்ப் பார்த்தேன். வலையில் ஒரு கிழிசலும் இல்லை. இப்படி ஒரு மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

பியூஸ் கம்பி கட்டுகிற பீங்கான் கட்டையை இழுத்து வெளியே எடுத்தேன்.

தடிப்பான கம்பி அதில் இல்லை. தலைமுடி போல ஒற்றை இழை. ஒரு லைட்டையும் ஃபேனையும் தாங்கும். டீவியைத் தாங்காது.

இரண்டு பக்கமும் அதைச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தேன். பிசிறில்லை, தொய்வில்லை. வலைக்கு முடிச்சுப் போடுகிற அதே கை.

பெட்டிக்கு மேலே துழாவினேன். நான் வாங்கிக் கொடுத்த கம்பி சுற்றுப் பிரிக்காமல் கிடந்தது. பக்கத்தில், பழைய ரேடியோ வயரிலிருந்து உரித்தெடுத்த இழைகள். ஒரே அளவாக வெட்டி, வலை நூலால் கட்டி வைத்திருந்தார்.

தெரியாத மனிதன் செய்கிற வேலையில்லை அது.

உசனார் கடையில் ஒரு டீவி இருக்கிறது. விடிந்ததிலிருந்து அதில் செய்திதான் ஓடும். செவ்வாயன்றும் ஓடியிருக்கும்.

கண்ணை மூடிக்கொள் என்று சீதேவிப்பிள்ளை எனக்குத்தான் சொன்னாள். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது. இழைகளை இருந்தபடியே வைத்தேன். கட்டையைச் செருகி மூடியைப் போட்டேன். இறங்கி, மெயினைத் தூக்கிவிட்டு, முக்காலியைக் குசினிக்குள் தள்ளினேன்.

அவர் உள்ளே வந்தார். மத்தியானச் செய்தி நேரம். டீவியைப் போடாமல் விட்டால் ஏன் என்று யோசிப்பார். போய்ப் போட்டேன்.

அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். டப்.

அவர் பெட்டிப் பக்கம் நடந்தார். பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தான் என்று அந்த முதுகைப் பார்த்துக் கேட்க வாய் வந்தது.

"ஒரு பியூஸ் கட்டத் தெரியாத மனிசன்! உங்களக் கட்டி நான் என்னத்தக் கண்டன்?" என்றேன்.

இன்னும் நிறையத் திட்டினேன். நிறுத்தினால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.